முற்றத்தில் பலகைத் தளம்



திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் வீடு கட்டுவோர் பெருகியுள்ளனர். அரை கிரவுண்டு மனையில் வீடு எழும்பிய பின் எஞ்சுவது முன்புறம் சிறிது மண்ணும், மேலே மொட்டை மாடியுமே. முன்பெல்லாம் அந்த மண்ணுக்குச் சிமெண்டு பூசினர். பிறகு பூட்டுக்கற்கள் பதித்தனர். இப்போதோ நகரத்து வீடுகளைப் பார்த்து, பலகைத் தளம் அமைக்கும் விருப்பம் பரவி வருகிறது. விருப்பத்தில் பிழையில்லை. ஆனால் கடைக்குப் போகுமுன் சில செய்திகளைச் சிந்தித்தல் நலம்.

முதலாவது, தண்ணீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். 200 சதுர அடி முற்றத்தில் 100 மில்லிமீட்டர் மழை பொழிந்தால் ஏறத்தாழ 1,850 லிட்டர். மண்ணைச் சிமெண்டால் மூடிவிட்டால் இந்நீர் எங்கே போகும்? தெருவுக்கு, அங்கும் இடமில்லையெனில் பள்ளத்தில் இருக்கும் அண்டை வீட்டாரின் வாசலுக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்டவர்கள் நாம். 2019 கோடையில் பூண்டி, புழல் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு போனதையும் கண்டோம். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப் போயின. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதன் பொருள், நம் மனையில் விழும் நீர் நம் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதே.

இவ்வகையில் பலகைத் தளத்துக்கு ஒரு நற்பயன் உண்டு. பலகைகளின் இடுக்கு வழியே நீர் கீழே சொட்டும். அடியில் மண்ணோ சரளையோ இருந்தால் அது உறிஞ்சிக்கொள்ளும். அடியில் சிமெண்டு கொட்டி அதன்மேல் பலகை பரப்பினால் அப்பயன் முழுவதும் வீணாகும்.

இரண்டாவது, பலகையைத் தேர்ந்தெடுத்தல். தேக்கு எனச் சொல்லி விற்பதெல்லாம் வெயில், மழைக்குத் தாங்காது. நடுவில் வைரம் பாய்ந்த பகுதியே கறையானையும் ஈரத்தையும் எதிர்க்கும். ஓரத்து வெளிறிய பகுதியை அவை விரைவில் அழித்துவிடும். பழைய மரத்தை வாங்குவோர், அது எவ்வித மருந்து ஏற்றப்பட்டது என வினவுங்கள். ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரம் குழந்தைகள் தவழும் இடத்துக்கு ஆகாது. அமெரிக்காவிலேயே 2003-ஆம் ஆண்டு முடிவுடன் வீட்டு உபயோகத்துக்கு அம்மரம் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டனர்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்க்கும் பலகை மற்றொரு வகை. இதைக் கறையான் எளிதில் அண்டாது; வார்னிஷ் செலவும் இல்லை. ஆயினும் கதவுக்கும் அலமாரிக்கும் விற்கப்படும் பலகை வேறு, வெளித்தளத்துக்கென வார்க்கப்படுவது வேறு, கேட்டு வாங்குங்கள். இது வெயிலில் மிகச் சூடேறும். சித்திரை மாத நண்பகலில் கருநிறப் பலகைமேல் வெறுங்காலுடன் நிற்க இயலாது. எனவே வெளிர்நிறமே உகந்தது. மேற்புறம் வழவழப்பாக இராமல் சொரசொரப்பாக இருக்கட்டும். மழைக்காலத்துப் பாசியில் முதியோர் வழுக்கி விழுந்தால், தளத்தின் அழகு அந்த எலும்பு முறிவை ஈடு செய்யாது.

மூன்றாவது, பொருத்தும் முறை. வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி மண்ணைச் சரிவாக்கிக்கொள்ளுங்கள். பலகையைத் தாங்கும் சட்டங்கள் மண்ணில் படாதவாறு கற்கட்டைகளின்மேல் அமரட்டும். சட்டத்துக்குச் சட்டம் 40 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். மிகுந்தால் பலகை தொய்யும். பலகைகளுக்கிடையே 5 மி.மீ. விடுங்கள். நீர் வடிவதற்கும், வெயிலில் பலகை விரிவதற்கும் அவ்விடம் தேவை. சுவரை ஒட்டியும் ஒரு செ.மீ. இடைவெளி வேண்டும். பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரண ஆணியை விரைவில் அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே கேளுங்கள். கழிவுநீர்த் தொட்டியின் மூடிக்கு மேல் வரும் பலகைகள் கழற்றத்தக்கவையாக இருக்கட்டும். தளத்தின் அடியில் நீர் தேங்கினால், டெங்குக் கொசு ஏழு முதல் பத்து நாட்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். மறைவான இடமாகையால் நம் கண்ணுக்கும் அது தெரியாது.

மொட்டை மாடியில் அமைப்போர்க்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. மேல்தளத்தைத் துளையிட்டுச் சட்டம் பொருத்தினால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கிழிந்துவிடும். ரப்பர்த் தாங்கிகளின்மேல் சட்டங்களை வைப்பதே முறை. மழைநீர்க் குழாயின் வாயை மூடாதீர்கள். நடமாட்டமுள்ள மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகள் கொள்ளும் சுமை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. நனைந்த மண் 10 செ.மீ. உயரம் இருந்தாலே ஏறக்குறைய 180 கிலோ ஆகிவிடும். ஆகவே பலகையோடு தோட்டப் பாத்தியும் சேர்க்க எண்ணுவோர், கட்டடப் பொறியாளரைக் கலந்த பின்பே கைவைக்க வேண்டும்.

இவ்வளவு கவனமும் ஏனெனில், பகலெல்லாம் அடுக்களையில் இருக்கும் நம் இல்லத்துப் பெண்களும், தெருவுக்குச் செல்ல இயலாத முதியோரும் மாலை நேரத்தில் காற்று வாங்க அமரும் இடம் பல வீடுகளில் இதுவொன்றே. முழு முற்றத்தையும் மூடவேண்டும் என்பதில்லை. நான்கு பேர் அமரும் அளவு பலகை போதும். எஞ்சிய மண்ணில் ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ வளரட்டும். உளூச் செய்யும் நீரையும் அங்கேயே திருப்பிவிடலாம். செலவும் பாதியாகக் குறையும்.

தச்சரை அழைக்குமுன் ஒரு மழையைக் காத்திருந்து பாருங்கள். உங்கள் முற்றத்தில் நீர் எங்கே தேங்குகிறது, எவ்வழி ஓடுகிறது, யார் வாசலில் போய் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைத் தச்சரின் கையில் கொடுத்து, அதன்பின் விலை பேசுங்கள்.