பம்ப் பிரஷர் கொடுக்காது

வேலைக்கு ஆள் எடுக்க என்னையும் கூட உட்கார வைத்தால், நான் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஹைட்ராலிக் பம்ப் என்ன வேலை செய்யும்?"

எதிரே இருப்பவர் பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. கையில் ஃபைல், கழுத்தில் டை. முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் சொல்லும் பதில்: "பிரஷரை உண்டாக்கும் சார்."

தப்பு. ஆனால் அடுத்ததாக பாஸ்கல் விதியைக் கேளுங்கள், மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள் :-)

இதை நக்கலுக்காகச் சொல்லவில்லை. 2003-ல் ஈரோட்டிலிருந்து ரயிலேறி புனே வந்து இறங்கியபோது நானும் இதே பதிலைத்தான் சொன்னேன், வேலையும் கிடைத்தது. போசரி, சாக்கன் என்று பிரஸ் ஷாப்களிலேயே பிழைப்பு ஓடுகிறது. அந்தத் தப்பான பதிலோடு ஆறு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தேன். அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை, வேறொரு பையன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் கேள்விக்குப் பதில்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூபில் மாட்டாமல் சும்மா அடித்துப் பாருங்கள். கைக்கு ஒரு பாரமும் தெரியாது, காற்று புஸ் புஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். ட்யூபில் மாட்டுங்கள். முதல் நாலு அடி லேசாக இறங்கும். ட்யூப் நிரம்ப நிரம்ப உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டால்தான் இறங்கும். பம்ப் அதேதான், கையும் அதேதான். மாறியது எது? எதிர்ப்பு. பம்ப் கொடுப்பது ஓட்டத்தை மட்டும். அந்த ஓட்டத்தை ஏதாவது ஒன்று வழிமறித்தால்தான் பிரஷர் பிறக்கும்.

ஹைட்ராலிக் பிரஸ்ஸிலும் இதே கதைதான். ராம் வெறுமனே இறங்கும்போது கேஜில் 10 பார் கூட இருக்காது. டூல் தகட்டைத் தொட்டதும் முள் விர்ரென்று 200-க்கு ஏறும். பம்ப் ஒன்றும் திடீரென்று ரோஷப்பட்டுவிடவில்லை. அது நிமிஷத்துக்கு 60 லிட்டர் ஆயிலைத் தள்ளிக்கொண்டேதான் இருந்தது. போக வழி இல்லாததால் பிரஷர் ஏறியது. வழியே இல்லாமல் போனால் ஹோஸோ பம்ப்போ ஏதாவது ஒன்று வெடிக்கும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் ரிலீஃப் வால்வ்: வைத்த அளவுக்கு மேல் பிரஷர் போனால் திறந்துகொண்டு ஆயிலைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும்.

பாஸ்கல் வருவது இதற்குப் பிறகுதான். அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்கு 78.5 சதுர சென்டிமீட்டர் பரப்பு. 200 பார் கொடுத்தால் கிட்டத்தட்ட 16 டன். காபி டம்ளர் வைக்கும் தட்டு அளவு வட்டம், லோடு ஏற்றிய லாரியைத் தூக்கும் பலம். ஹைட்ராலிக்ஸின் கவர்ச்சியும் ஆபத்தும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

பாஸ்கல் எழுதி வைத்தது அவர் இறந்த பிறகு 1663-ல் அச்சானது. ஜோசப் பிரமா லண்டனில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு பேட்டன்ட் வாங்கியது 1795-ல். நடுவில் 132 வருஷம்! விதி தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவ்வளவு அழுத்தத்தில் ஒழுகாமல் இருக்க ஒரு சீல் வேண்டுமே? அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகிக்கொள்ளும் தோல் சீலைச் செய்தது, பிரமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்று சொல்வார்கள். விதியும் வேண்டும், பட்டறையில் நிற்கும் ஆளும் வேண்டும். நம் ஊரில் விதியை ஒருவனுக்கும், பட்டறையை இன்னொருவனுக்கும் கொடுத்துவிட்டு இரண்டு பேரையும் பேச விடாமல் வைத்திருக்கிறோம். என் புகாரே இதுதான்.

அடிப்படை புரிய டிகிரி வேண்டாம் என்பதற்கு ஒரு சாட்சி. 2012-ல் சோலாப்பூர் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி நின்றிருந்தது. நம்மூர் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் கால் தானாக நிற்குமே, நின்றேன். ரிக் ஆபரேட்டருக்கு ஐம்பது வயசிருக்கும். "ஏனுங் தம்பி, ஈரோடுங்களா?" என்று ஆரம்பித்து பேச்சு ரிக்குக்கு வந்தது. என் இன்டர்வியூ கேள்வியை அவரிடமும் போட்டேன் (தொழில் புத்தி!). அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பம்பு என்னங்க தம்பி பண்ணும்? அது பாட்டுக்கு ஆயிலைத் தள்ளும். ஆயில் எங்க முட்டுதோ அங்கதான் பிரஷர். பாறை வந்தா முள்ளு ஏறும், மண்ணு வந்தா இறங்கும். முள்ளைப் பார்த்தே கீழ என்ன கெடக்குதுன்னு சொல்லிப்போடலாமுங்க."

எட்டாவது வரை படித்தவராம். நாலு வருஷப் படிப்பு சொல்லித்தராததை நாலு வரியில் முடித்துவிட்டார்.

"பதில் எப்படி இருந்தா என்ன சார், மெஷின் ஓடினா சரி" என்று ஒரு ஜூனியர் கேட்டான். ஓடாதபோதுதானே தெரியும். ஒரு நாள் பிரஸ் மெதுவாக இறங்குகிறது என்று புகார். பம்ப்தான் பிரஷர் கொடுக்கிறது, பிரஷர்தான் வேகம் கொடுக்கிறது என்று நினைப்பவன் என்ன செய்வான்? நேராகப் போய் ரிலீஃப் வால்வைத் திருகுவான். அவனும் அதைத்தான் செய்தான். வேகம் ஒரு துளி கூடவில்லை. கோளாறு சக்ஷன் ஸ்டிரெய்னரில் இருந்தது; அது அடைத்துப் போய், பம்ப் சரளைக்கல்லை மென்றது போல் கத்திக்கொண்டிருந்தது. வேகம் குறைந்தால் ஓட்டத்தைப் பார், பலம் குறைந்தால் பிரஷரைப் பார். அடிப்படை இவ்வளவுதான். தெரியாமல் ரிலீஃப் வால்வை ஏற்றிவைத்தால், அந்த மெஷினின் ஒவ்வொரு ஹோஸும் அன்றிலிருந்து தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கும். எது முதலில் விடும், அப்போது பக்கத்தில் யார் நிற்பார் என்பதுதான் கேள்வி.

சரி, அந்தப் பையன் கதை.

2009. கம்பெனி பெயர் வேண்டாம். லாத்தூர் பக்கத்துப் பையன், இருபது வயசு, கான்ட்ராக்ட் ஹெல்பர். ஒரு பிரஸ்ஸில் ஹோஸ் ஓரத்தில் ஆயில் புகை மாதிரி அடிப்பதாகச் சொன்னார்கள். நான் போனேன். மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். கேஜைப் பார்த்தேன், பூஜ்யம். எங்கே ஓட்டை என்று கண்ணுக்குத் தெரியவில்லை. "மோட்டார் ஆஃப் பண்ணியாச்சு, பயப்படாம கையை வச்சுத் தடவிப் பாரு" என்று அரைகுறை மராத்தியில் சொன்னேன். தடவினான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "ஊசி குத்தின மாதிரி இருக்கு சாஹேப்" என்றான். ஆள்காட்டி விரலில் ஒரு சின்ன சிவப்புப் புள்ளி. ரத்தம் கூட வரவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா என்றேன். மிச்ச ஷிஃப்டையும் பார்த்துவிட்டுத்தான் போனான்.

ராத்திரி வலி. காலையில் கை மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். "அன்னைக்கே ஏன் கூட்டிட்டு வரலை?" என்று அங்கே டாக்டர் கேட்டார். அவனைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

நடந்தது இதுதான். அந்த லைனில் ஒரு அக்யூமுலேட்டர் இருந்தது. உள்ளே ரப்பர் பை, பைக்குள் நைட்ரஜன். ஆயில் வந்து அதை அமுக்கி வைத்திருக்கும், வில்லை இழுத்துப் பிடித்த மாதிரி. பம்ப் நின்றாலும் வில் நிற்காது. நான் பார்த்த கேஜ் பம்ப் பக்கம், செக் வால்வுக்கு இந்தப் புறம். அக்யூமுலேட்டரும் ஓட்டை ஹோஸும் அந்தப் புறம். பம்ப் நின்றால் பிரஷர் போய்விடும் என்று நினைத்தேன், ஏனென்றால் பம்ப்தானே பிரஷர் கொடுக்கிறது! இன்டர்வியூவில் சொன்ன அதே தப்பான பதில். அதைத்தான் அவன் விரலில் எழுதினேன்.

ஊசி முனை ஓட்டையில் வரும் ஆயில் ஒழுகுவதில்லை, வெட்டும். 7 பார் போதும் தோலைத் துளைக்க. பிரஸ்ஸில் ஓடுவது 150, 200. உள்ளே போன ஆயில் சதைக்குள் பரவி அழுகச் செய்யும். வெளியே தெரிவது ஒரு புள்ளி மட்டும். வலி கூட முதலில் பெரிதாக இருக்காது. வலிக்கிறதா என்று காத்திருக்கவே கூடாது. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தம் செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கு" என்று சொல்லியும் ஆக வேண்டும். ஓட்டை தேட அட்டைத் துண்டோ மரக்கட்டையோ போதும், அதுவும் தள்ளி நின்று. விரல் அந்த வேலைக்கு இல்லை.

இதில் எது ராக்கெட் விஞ்ஞானம்? ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் எந்த ஹெல்பருக்கும் புரிய வைக்கலாம். ஆனால் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுவரில் ஆங்கிலத்தில் பெரிய போஸ்டர் இருந்தது. அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரிந்த எனக்கோ அதில் அக்யூமுலேட்டர் பற்றி ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-லேயே 111ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள்: தன் பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டு வாங்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று. நல்ல பிரிவு. ஆனால் அக்யூமுலேட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாதவன் எதைப் பற்றிக் கேட்பான்?

இதைச் சொன்னால் மேனேஜர்களிடமிருந்து இரண்டு பதில் வரும். ஒன்று, "கான்ட்ராக்ட் ஆள் ஏழு மாசத்துல போயிடுவான், அவனுக்கு எதுக்கு ட்ரெய்னிங்?" விரல் போக ஏழு நொடி போதுமே சார். இரண்டு, "அரைகுறையா சொல்லிக்கொடுத்தா வால்வைத் திருகி விளையாடுவான்." இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை வால்வைத் திருகியது ஹெல்பர் இல்லை, டை கட்டிய ஜூனியர். கையை வைக்கச் சொன்னது அவனை விட சீனியர்.

அதனால் என் கருத்து இதுதான்: ஹைட்ராலிக்ஸின் அடிப்படை என்பது சூத்திரம் இல்லை. பம்ப் கொடுப்பது ஓட்டம், பிரஷர் பிறப்பது எதிர்ப்பில். மோட்டார் நின்றால் பிரஷர் நின்றதாக அர்த்தம் இல்லை. அக்யூமுலேட்டரைக் காலி செய், தூக்கி நிற்பதைக் கீழே இறக்கு அல்லது முட்டுக்கொடு, பிறகு தொடு. ஊசிப்புள்ளி காயம் ஆஸ்பத்திரிக் காயம். இந்த மூன்றும் மெஷின் பக்கம் நடக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஷையில் முதல் நாளே சொல்லப்பட வேண்டும். இங்கே மராத்தியிலும் ஹிந்தியிலும், கோயம்புத்தூரில் தமிழோடு ஹிந்தியிலும் ஒடியாவிலும். காலேஜில் பாஸ்கலுக்கு முன்னால் இதைச் சொல்லட்டும். கணக்கு பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பையன் இப்போது லாத்தூர் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். தீபாவளிக்கு போன் செய்வான். இன்னும் "சாஹேப்" என்றுதான் கூப்பிடுகிறான். ஒரு தடவை கூட அந்த நாளைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

இன்டர்வியூவில் தப்பாகப் பதில் சொல்பவர்களை நான் நிராகரிப்பதில்லை. அப்படிச் செய்தால் 2003-ல் எனக்கே வேலை கிடைத்திருக்காது. என் மேஜைக்கு அடியில் ஒரு பழைய சைக்கிள் பம்ப் இருக்கிறது. சேர்ந்த முதல் நாள் அதைக் கையில் கொடுத்து அடிக்கச் சொல்வேன். ட்யூப் இல்லாமல் ஒரு தடவை, ட்யூபோடு ஒரு தடவை. ஹெல்பர்களுக்கும் அதே பம்ப், அதே பாடம்.

உங்கள் ஷாப்பில் யாராவது இப்படி உட்கார்ந்து சொல்லித்தந்தார்களா? இல்லையென்றால் நீங்களே ஆரம்பியுங்கள். பழைய சைக்கிள் பம்ப் ஒன்று எங்கேயாவது கிடக்கும்.