விளைச்சல் பாடம் மட்டும் போதுமா?

நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்க வரும் நண்பர்கள் சிலருக்கு, விவசாயி என்றாலே ஒரே மருந்துதான். "பயிற்சி கொடுங்க சார், விளைச்சல் தானா ஏறும்!" பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடே கோகோ போட்டிருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறார்கள். பாதிதான் சரி.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோகோவைக் கவனிக்காமல் விட்டால் புதராகிவிடும். கவாத்து செய்ய வேண்டும், போத்துகளைக் கிள்ள வேண்டும். அழுகல் கண்ட காயை உடனே அகற்ற வேண்டும். அணிலும் எலியும் முந்திக்கொள்ளுமுன் பழுத்ததைப் பறிக்க வேண்டும். இதைத் தோட்டக்கலைத் துறையும், கொட்டை வாங்கும் நிறுவனங்களும் சொல்லித் தருவது நல்ல காரியமே.

ஆனால் கேரளத்தில் நடந்ததை மறக்கலாமா? 1965-ல் கேட்பரி நிறுவனம் வயநாட்டில் மாதிரிப் பண்ணை வைத்தது. எழுபதுகளில் ஆசையாசையாகக் கோகோ நட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விலை படுத்தது. காய்த்துக்கொண்டிருந்த மரங்களையே வெட்டிப் போட்டார்கள். கவாத்து தெரியாததாலா? காய் இருந்தது, கட்டுப்படியாகும் விலைதான் இல்லை. அந்த நாளில் கைகொடுத்தது மங்களூரின் காம்ப்கோ என்ற விவசாயிகள் கூட்டுறவு. 1986-ல் அது புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையே தொடங்கிவிட்டது.

இப்போதும் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால், 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறையப் பாதியானது. ஆனைமலை விவசாயி இதில் என்ன தப்பு செய்தார்?

இன்னொன்று. சாக்லேட்டின் மணம் மரத்தில் வருவதில்லை. பச்சைக் கொட்டையைப் பெட்டியில் ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, இடையிடையே புரட்டிவிட்டு, வெயிலில் காயவைத்தால்தான் வரும். ஏறக்குறைய மூன்று கிலோ பச்சைக் கொட்டை ஒரு கிலோவாகும். பச்சையாகவே விற்றுவிடும் சிறு விவசாயிக்கு இந்த வேலையும் கிடைப்பதில்லை, அதன் லாபமும் கிடைப்பதில்லை. இரண்டு ஏக்கர்க்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். அதற்குப் பொதுக் கொட்டகை வேண்டும், கூட்டுறவு வேண்டும், விலைக் கணக்கு தெரிய வேண்டும். பயிற்சி என்றால் இதையும் சேர்த்துத்தான்.

பாண்டி பஜாரில் பேரனுக்குச் சாக்லேட் வாங்கும் நாம், விவசாயிக்கு அறிவு போதவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. மகசூலைக் கூட்டச் சொல்பவர்கள், கூடுகிற மகசூலை என்ன விலைக்கு, எத்தனை வருஷம் வாங்குவோம் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.