நகைக்குத் தமிழ், பெருமிதத்திற்கு ஆங்கிலமோ?

2024-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26-ஆம் நாள் அமெரிக்கத் திரைப்படம் ஒன்று தமிழ்நாட்டு அரங்குகளில் வந்திறங்கியது. மார்வெல் நிறுவனத்தாரின் படக்கதை மறவர் இருவரை ஒரே கதையில் கூட்டி, அவர்கள் ஒருவரையொருவர் வைவதும் வெட்டுவதும் பின் கைகோத்து உலகைக் காப்பதுமாக எடுத்த நகைப்படம் அது. பெயர் ‘டெட்பூல் அண்டு வோல்வரின்’. ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் வந்தது. தமிழில் வந்ததென்பது உரையாடலைப் பற்றிய அளவில் மெய். பெயர் மட்டும் கடல்கடந்து வந்தபடியே நின்றது. டகரம் சொல்லுக்கு முதலாகாது என்று தொல்காப்பியர் வரம்பு கட்டிய மொழியில் அப்பெயரை எழுதப் புகுவோன் முதலெழுத்திலேயே இடறி விழுகின்றான்!

அப்படம் வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் சான்று பெற்றது. வசவும் குருதியும் மலிந்தது, சிறார்க்கு உரியதன்று. அது நிற்க. இங்கு ஆராயத்தக்கது படத்தினும் அதனைப் பற்றிய சுவைஞர் பேச்சே. இவ்வகைப் படங்கள் வருந்தோறும் இளைஞரிடையே இரண்டு கட்சிகள் எழுகின்றன. “ஆங்கிலத்தில் பார், தமிழில் பார்த்தால் படமே கெட்டுவிடும்” என்பது ஒரு கட்சி. “தமிழில் பார், வயிறு வலிக்கச் சிரிக்கலாம்” என்பது மற்றொரு கட்சி. குடந்தையில் படம் பார்த்துவிட்டு ஈருருளியில் தாராசுரம் திரும்பும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடையும் இவ்வழக்காட்டையே கேட்கலாம். முதற் கட்சியைக் கேட்டவுடன் தனித்தமிழன்பர்க்கு உள்ளம் கொதிக்கிறது. இரண்டாம் கட்சியைக் கேட்டதும், பிள்ளைகள் தமிழை விரும்புகின்றனரே என்று உள்ளங் குளிர்கிறது. கொதிப்பும் குளிர்ச்சியும் இங்கு இடம் மாறி நிகழ்கின்றன.

இதனை விளக்க ஐந்தாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2019 ஏப்பிரல் 26-இல் அதே நிறுவனத்தாரின் ‘அவெஞ்சர்சு: எண்டுகேம்’ வெளிவந்தது. மறவர் பலர் கூடிப் பொரும் பெரும்படம். தமிழ்நாட்டில் அதனைப் பரப்புதற்கு நிறுவனத்தார் பெருமுயற்சி எடுத்தனர். தமிழ் உரையாடலை இயக்குநர் ஏ.ஆர். முருகதாசு எழுதினார். இரும்பு மாந்தனுக்கு நடிகர் விசய் சேதுபதி குரல் கொடுத்தார். கருங்கைம்பெண் என்னும் பெயருடைய மறத்திக்கு நடிகை ஆண்ட்ரியா குரல் கொடுத்தார். ஏ.ஆர். இரகுமான் இசையில் பாட்டும் வந்தது. இத்துணைப் பேர் பெற்றோர் கூடியும் முன்னோட்டக் குரல் வெளிவந்த அளவில் சுவைஞர் பலர் முகஞ்சுளித்தனர். இக்குரல் பொருந்தவில்லை, முன்னைப் படங்களில் பேசியவரையே மீண்டும் பேச விடுங்கள் என்று முறையிட்டனர். எள்ளி நகையாடியோரும் பலர்.

இம்முறையீட்டை இன்னொரு முறை கூர்ந்து நோக்குங்கள். தமிழ்க்குரல் வேண்டா என்றா கூறினர்? முன்னிருந்த தமிழ்க்குரலே வேண்டும் என்றனர்! சுவரொட்டியில் பெயர் வாராத, முகம் தெரியாத ஒரு குரற்கலைஞர் பல ஆண்டுகளாகப் பேசிப் பேசி அம்மறவனைத் தமிழனாக்கி வைத்திருந்தார். பிள்ளைகளின் செவியில் இரும்பு மாந்தனின் குரல் அதுவே. புகழ்பெற்ற நடிகரின் குரல் வந்தபோது அவர்கட்கு அந்நடிகர் தெரிந்தார்; மறவன் மறைந்தான். விசய் சேதுபதி தேர்ந்த நடிகர் என்பதில் அவர்கட்கும் ஐயமில்லை. குறை அவரிடத்தில் இல்லை. பேரை விற்றுப் படத்தை விற்கலாம் என்றெண்ணிய வணிகத்தில் இருந்தது. செவிநுட்பம் இல்லாதார்க்கு இவ்வேறுபாடு புலப்படுமா? தமிழைக் கேட்டுத் தரம்பிரிக்கும் செவி இப்பிள்ளைகட்கு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அம்முறையீட்டைத் தமிழ்ப் பகையென்று கொண்டவர் அதனை முழுதும் கேளாதவரே.

இனி, சிரிக்கலாம் என்னும் கட்சிக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். பெருமிதத்தை ஆறாவதாக வைத்தார். பிறரை எள்ளுவதாலும், இளமையாலும், பேதைமையாலும், மடத்தாலும் நகை பிறக்குமென்றும், கல்வியும் அஞ்சாமையும் புகழும் கொடையும் பெருமிதத்திற்கு நிலைக்களன் என்றும் வகுத்தார். மறவர் கூடி நகையாடும் படத்தின் இலக்கணமே இவ்விரண்டும் ஒன்றனையொன்று தாங்கி நிற்பதுதான். எள்ளிக்கொண்டே போகிறவன் இறுதியில் தன்னைக் கொடுத்துப் பிறரைக் காப்பான். எண்டுகேம் படத்தில் ஓயாது கிண்டல் பேசிய இரும்பு மாந்தன் முடிவில் உயிரையே கொடுக்கிறான். அரங்குகளில் இளைஞர் கண்ணீர் விட்டனர். தொல்காப்பியர் கண்ட கொடைப் பெருமிதம் அமெரிக்கத் திரையிலும் பிழைபடாமல் நிற்கிறது.

இவ்விரண்டனுள் எது தமிழில் தரப்படுகிறது? இந்நகைப்படங்களின் தமிழ்ப்பெயர்ப்பில் தமிழ்த் திரையின் பேர்பெற்ற உரைத்துண்டுகளைச் செருகுவதும், ஊர்ப்பெயர்களையும் தெருவோர வசவுகளையும் தூவுவதும் வழக்கமாகிவிட்டன. சிரிப்பு வருகிறது, அதனை மறுப்பாரில்லை. ஆனால் மறவன் தன் பெயர் சொல்லி நிமிரும் இடத்தில் ஆங்கிலம் வந்து குந்துகிறது. அவன் படைக்கலத்தின் பெயர் ஆங்கிலம். கூட்டத்தின் பெயர் ஆங்கிலம். சூளுரையின் முதற்சொல்லும் ஆங்கிலம். வைவதற்கும் வழுக்கி விழுவதற்கும் தமிழ். எழுந்து நிற்பதற்கு ஆங்கிலம்! இப்பங்கீட்டைப் பத்து வயதிலிருந்து கேட்டு வளரும் பிள்ளை, தமிழ் சிரிப்புக்குரிய மொழியென்று எவரும் கற்பியாமலே கற்றுக்கொள்கிறது. தமிழில் பார்த்தால் படம் கெடுகிறது என்று அது கூறுங்கால், பெருமிதம் கெடுகிறது என்றே கூறுகிறது. அதற்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவே.

பெயரைப் பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும் என்பார் உளர். கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தால் ஆகத்தான் செய்யும். முன்சொன்ன படத்தின் முதற்பெயர், யார் முதலில் சாவார் என்று பணம் கட்டும் சாவுப் பந்தயத்தைக் குறிப்பது. ஆங்கில அகரமுதலியைப் புரட்டி ‘மாண்ட குளம்’ என்று எழுதுவோன் கையில் தமிழும் மாண்டுபோம். இரண்டாம் பெயர் பனிநாட்டு விலங்கொன்றன் பெயர், கீரியினத்தைப் போன்ற தோற்றமுடையது, இந்நாட்டில் இல்லாதது. ‘கீரி மறவன்’ என்றால் அரங்கு கூரை பிய்யச் சிரிக்கும். ஆயின் அம்மறவனின் அடையாளம் விலங்கன்று, கைவிரலிடை நீளும் கூரிய உகிர்களே. கூருகிரன் என்றால் என்ன குறை? உகிர் என்னும் சொல் இன்றைய பிள்ளைகட்குத் தெரியாது என்று தமிழாசிரியரே சொல்லக்கூடும். தெரியாதுதான். உகிரைச் செய்யுளுரையில் ‘நகம்’ என்று பொருள் எழுதிப் போட்டால் தேர்வு முடியும் வரை நிற்கும். மறவன் ஒருவன் கைநீட்டி நிற்க, அரங்கே அப்பெயரைக் கூவினால், மறுநாள் காலை அது தெருவில் விளையாடும்.

இது வெறுங் கற்பனை என்று தள்ளுவோர் 1972-ஆம் ஆண்டை நினைவு கூர்க. அவ்வாண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்சு என்னும் படக்கதை வெளியீடு தொடங்கிற்று. அதன் முதற் கதை ஆங்கிலநாட்டு வேலியண்டு இதழில் 1962-இல் தோன்றிய எஃகுக்கை மறவன் கதை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கைமட்டும் தெரியும் அவனுக்குச் சிவகாசியார் சூட்டிய பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. மாயம் தமிழ்ச்சொல்லா வடசொல்லா என்று வழக்காடுவார் ஆடுக. இரும்பும் கையும் எவ்வூர்ச் சொற்கள்? அரைக்காற் சட்டையணிந்த பிள்ளைகள் அப்பெயரை உச்சரிக்க நாணவில்லை. இன்று அறுபதைக் கடந்த தாத்தாக்களும் அப்பெயரைக் கேட்டால் முகம் மலர்கின்றனர். அவன் ஆங்கிலப் பெயர் என்னவென்று கேட்டால் பலர்க்கும் தெரியாது. அயல்நாட்டு மறவன் தமிழ்ப்பெயரோடு இங்கு குடியேறினான். கதையின் பாவு அயலாரதாயினும் ஊடை தமிழாயிருந்தது. பாவும் ஊடையும் தாராசுரத்துத் தறிக்காரர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அத்தாராசுரத்திலேயே இதற்கு எண்ணூறாண்டுக்கு மேற்பட்ட முன்காட்டு ஒன்று வெயிலில் நிற்கிறது. இரண்டாம் இராசராச சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கற்றளி, 2004-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அயலார் வந்து படிக்கட்டையும் கல் உருளையையும் படம் பிடித்துச் செல்கின்றனர். கருவறையின் அடித்தளத்தைக் குனிந்து பார்ப்போர் சிலரே. ஆங்கே சாணளவுக் கட்டம் கட்டமாக அடியார் அறுபத்துமூவர் வரலாறு செதுக்கப்பட்டுள்ளது. வேடர், குயவர், வலைஞர், வண்ணார், பாணர், வேந்தர், நெசவாளராகிய நேசர் எனக் குலமும் தொழிலும் வேறுபட்டோர் ஒரே வரிசையில் நிற்கின்றனர். சமயம் வேண்டுவார் சமயமாகக் காண்க. வேண்டாதார் படக்கதையாகக் காண்க. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர்; அவன் மகன் காலத்துக் கற்றளி இது. பெரியபுராணம் அன்று பழம்பெரு நூலன்று. சில பத்தாண்டுகட்கு முன் தோன்றிய புதுப்படைப்பு. மக்கள் நாவில் புதிதாக ஏறிய கதையைச் சிற்பி உடனே கல்லில் ஏற்றினான். படத்தோடு இன்னார் என்று தமிழில் பெயரும் பொறித்தான். பெயர் தெரிந்தாலன்றிப் பார்ப்போன் உள்ளத்தில் மறவன் நில்லான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

நகையையும் அவன் விட்டானில்லை. அதே தளியில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டு நிற்கும் சிற்பம் உண்டு. ஒருபுறம் மறைத்து நோக்கின் யானை. மறுபுறம் மறைத்து நோக்கின் காளை. பார்த்துச் சிரியாத சிறுவன் இல்லை. இரு மறவரை ஒரு கதையில் கூட்டிய அமெரிக்கன் செய்த வேடிக்கையை உளியால் செய்தவன் அவன்.

குறை சுவைஞர் பக்கமே உள்ளதாகப் பேசுவது தனித்தமிழ் இயக்கத்தார்க்கு எளிது. பன்னிரண்டு அகவையில் முகமூடி மறவனை வரைந்துகொண்டு வந்த பிள்ளையைக் ‘கூத்தாடிப் பித்து’ என்று விரட்டிய தமிழாசிரியர் எத்தனை பேர்! அவ்வோவியத்தின் கீழ் ஒரு தமிழ்ப்பெயர் எழுதிக்கொடுத்தவர் எத்தனை பேர்? சொல்லாக்கக் குழுக்கள் நீருந்து விசைக்கும் மின்பொறிக்கும் பெயர் படைத்தன, வேண்டிய பணி. பிள்ளைகள் நாள்தோறும் வாய்விட்டுக் கூவும் பெயர்களைப் பற்றி எவரும் எண்ணவில்லை. எண்ணியோரும் வாயில் நுழையாத ஒன்பதெழுத்துத் தொடரைப் படைத்து ஏட்டில் வைத்தனர்.

அரசாணை ஒன்றே போதும் என்பதும் மெய்யாகவில்லை. 2006-இல் தமிழ்நாட்டரசு தமிழ்ப்பெயர் சூட்டிய படங்கட்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. சில ஆண்டுகள் தமிழ்ப்பெயர்கள் செழித்தன. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அவ்விலக்கின் ஈர்ப்புப் போயிற்று; ‘செயிலர்’, ‘லியோ’ என்று 2023-இல் வந்த பெரும்படங்களின் பெயர்களைப் பாருங்கள்.

மலையாளத்தார் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 2025 ஆகத்தில் அவர்கள் எடுத்த ‘லோகா’ என்னும் படம் கள்ளியங்காட்டு நீலியை மறத்தியாக்கி, அவளொடு வேறு சிலரையும் ஒரு கூட்டமாக நிறுத்தியது. நகையும் குறைவின்றி வைத்தது. தலைப்பு வடசொல், அது ஒருபுறம் இருக்க, கதை அவர்கள் மண்ணினது. தமிழ்ப்பெயர்ப்பில் அதனைப் பார்த்த தமிழிளைஞர் உவந்தனர். பழையனூர் நீலி யாருடையவள்? அவளைத் தலைவியாக்கி, பிற சமயத்தாரொடு சொற்போரிடச் செய்த நீலகேசி எம்மொழிக் காப்பியம்? ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றெனத் தேர்வுக்கு எழுதிய பிள்ளைக்கு அவள் மறத்தி என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்து மார்வெல் நிறுவனத்தார் தம் மறவரை மீண்டும் கூட்டி எடுக்கும் ‘அவெஞ்சர்சு: டூம்சுடே’ படத்திற்கு 2026 திசம்பர் 18-ஐ வெளியீட்டு நாளாகக் குறித்துள்ளனர். அன்று இரும்பு மாந்தனாய் உயிர்கொடுத்த அதே நடிகர் இப்படத்தில் கொடியவனாய் வருகின்றார். எனவே அவருக்குத் தமிழில் யார் குரல் என்னும் வழக்கு 2019-இல் போலவே எழும். அப்போது தனித்தமிழன்பர் சுவைஞரோடு சேர்ந்து முறையிட வேண்டும்: பழகிய குரற்கலைஞரையே பேசவிடுக, அவர் பெயரைச் சுவரொட்டியில் நடிகர் பெயருக்கு நிகராக இடுக, படப்பெயரைத் தமிழில் தருக. ஊழிநாள் என்னும் சொல் தமிழில் முன்னமே இருக்கிறது. எவரும் புதிதாய்ப் படைக்க வேண்டுவதில்லை, நான்கே எழுத்து, தாராசுரத்துப் பிள்ளை ஒருமுறை கேட்டால் மறவாது.