பொறுப்பு யாருக்கு?

'செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்துங்கள்.' கோவையில் எந்தக் கல்லூரிக் கருத்தரங்குக்குப் போனாலும் இதே உபதேசம்தான். பொன்னாடை போர்த்திய மேடை, கீழே உட்கார்ந்திருக்கும் மாணவனைப் பார்த்து விரல் நீட்டுகிறது: காப்பியடிக்காதே, மூளை மழுங்கிவிடும்.

சரிங்க, காப்பியடிக்கல. ஆனா எங்ககிட்டயும் ஒரு கேள்வி இருக்குதுங்க. அந்த எந்திரம் எங்களை எப்படிப் பாக்குதுன்னு யாராச்சும் சோதிச்சீங்களா?

வெளிநாட்டில் சோதித்தார்கள். 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ ஏடு, ஜிபிடி-5 எந்திரத்திடம் 105 வாக்கியங்களைக் கொடுத்தது. கோடிட்ட இடத்தில் பார்ப்பனர் அல்லது தலித் என்று நிரப்ப வேண்டும். 80 வாக்கியங்களில் அது மனுவின் விடையையே எழுதியது. கற்றவர் யார்? பார்ப்பனர். சாக்கடை சுத்தம் செய்பவர்? தலித். குற்றவாளி? தலித். முந்தைய ஜிபிடி-4ஓ பல கோடுகளை நிரப்பவே மறுத்தது. புதுசு மறுக்கவில்லை. இதுக்குப் பேர் வளர்ச்சியாம்!

எந்திரம் சாதியைக் கருவிலே சுமந்து வரவில்லை. இணையத்தில் காலகாலமாக எழுதிக் குவித்தவர்களிடம் படித்தது. அந்தக் கோடு நமக்கொன்றும் புதிதல்ல. 2022 இறுதியில் பெருந்துறை பாலக்கரை அரசு தொடக்கப் பள்ளியில் நம் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்து அதை நிரப்பினார்கள். தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவு பக்கம் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு தலித் மாணவி வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வெழுதினாள். இந்த வகுப்பறைக்குள்தான் அந்த எந்திரமும் வரப்போகிறது.

அதற்காக எந்திரத்தைத் தூக்கிப் போடு என்று நாம் சொல்லவில்லை. டியூசனுக்குக் காசில்லாத காலனிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கணக்குச் சொல்லித்தர ஒரு வாத்தியார் கிடைச்சிருக்கு. எந்தத் தெருன்னு கேக்காது, தள்ளி உக்காருன்னு சொல்லாது. மூன்று தலைமுறையாக டியூசனில் படித்தவர்கள் நம் பிள்ளைகளுக்கு மட்டும் 'சொந்த மூளை' பற்றி வகுப்பெடுப்பது வேடிக்கை. ஆனால் தோழர்களே, இந்த வாத்தியார் தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லுவார். அருந்ததியர் 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2009இல் வந்தது. அதை அவரிடம் கேட்டால், பதிலை அரசாணையோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

இன்னொரு ஆபத்து, திருட்டைக் கண்டுபிடிக்கும் கருவி. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதத்தை 'எந்திரம் எழுதியது' என்றன கருவிகள். ஏன்? எளிய சொல், எதிர்பார்த்த வாக்கியம். முதல் தலைமுறையாக இங்கிலீசு படிக்கிறவன் வேறெப்படி எழுதுவான்? அந்தச் சீட்டைக் காட்டி நாளைக்கு ஒரு பேராசிரியர் ஆய்வேட்டை நிராகரித்தால் யாரிடம் முறையிடுவது? கருவியின் தீர்ப்பு மட்டுமே ஆதாரமாகக் கூடாது. மாணவனைக் கூப்பிட்டு வாய்மொழியாகக் கேட்கட்டும்.

களத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உண்மையறியும் குழு அறிக்கையைச் சுருக்கித் தரச்சொல்லி எந்திரத்திடம் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரும், சாட்சியின் ஊரும் அதில் இருக்கிறது. சாதிச் சான்றிதழையும் ஏற்றாதீர்கள். 2019 தரவுப் பாதுகாப்பு மசோதா சாதியைத் தனிக் காப்பு தேவைப்படும் தரவாக வகைப்படுத்தியிருந்தது. 2023இல் சட்டமாக வந்தபோது அந்த வகையே காணோம்.

2020லேயே தமிழக அரசு பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. எந்திரம் நியாயமாக நடக்கிறதா என்று மதிப்பெண் போடும் முறையும் அதில் உண்டு. அந்தத் தேர்வை, பள்ளிக்குள் நுழையும் ஒவ்வொரு எந்திரத்துக்கும் முதலில் நடத்துங்கள். தமிழில் நடத்துங்கள், சாதியைக் கேட்டு நடத்துங்கள், மதிப்பெண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வினாத்தாள் எழுத ஆள் வேண்டுமென்றால் நம் மாணவர்கள் இருக்கிறார்கள்.