மழை வந்தால் வண்டியைப் பூட்டத்தான் வேண்டுமா?

ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று நம் முன்னோர் வகுத்தனர். ஆழ்வார்திருநகரிக்கும் அதனைச் சூழ்ந்த தாமிரபரணிக் கரையூர்களுக்கும் ஓராண்டில் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழையால் வருவதே. வயலும் வாழையும் எதிர்நோக்கும் அம்மழை, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரையோ பேட்டரியால் இயங்கும் சக்கர நாற்காலியையோ நம்பி நடமாடுவோரின் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. வெளியே செல்லலாமா, மழைக்காலம் முடியும்வரை வீட்டிலேயே இருந்துவிடுவதா?

பல ஆண்டுகளாக நாங்கள் அதற்கு எளிய விடை ஒன்றைக் கூறிவந்தோம்: "மழைக்காலத்தில் வண்டியை எடுக்காதீர்கள்." சொல்வதற்கு அது எளிது; கேட்கும் குடும்பத்தாருக்கும் நிம்மதி. ஆயினும் அவ்விடை போதாது என்பதை எங்களிடம் வந்த நோயாளர் ஒருவர் உணர்த்தினார். முதுகுத்தண்டுப் பாதிப்பால் இரு கால்களும் செயலிழந்தவர். சிறு கடை நடத்துபவர். ஒரு மழைக்காலத்தில் ஆறு வாரங்கள் அவர் வரவில்லை. வந்தபோது, அமரும் இடத்தில் ஆழமான அழுத்தப் புண் இருந்தது. கடை மூடிக் கிடந்தது. நாள் முழுவதும் கட்டிலிலேயே இருந்திருக்கிறார். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டோம். "நீங்கதான சார், மழையில வண்டிய எடுக்கக் கூடாதுன்னு சொன்னிய" என்றார். எங்களிடம் மறுமொழி இல்லை.

மழை ஓர் ஆபத்து என்றால், முடங்கிக் கிடப்பது மற்றோர் ஆபத்து. அசைவின்றி இருந்தால் புண் உண்டாகும், மூட்டுகள் இறுகும், சர்க்கரை கட்டுமீறும், மாத்திரை தீர்ந்தும் வாங்கப்படாமல் போகும், வருமானம் நிற்கும், மனம் சோரும். கால்கள் பாதிக்கப்பட்டோர் படிக்கவும் வேலைக்குச் செல்லவும் வேண்டும் என்பதற்காகவே தமிழக அரசு இந்த ஸ்கூட்டர்களை விலையின்றி வழங்குகிறது. ஆண்டுக்கு மூன்று மாதம் அதைப் பூட்டி வைப்பது, வாழ்நாளில் கால்பங்கைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, எந்நாளில் செல்லலாம், எந்நாளில் கூடாது, எவ்வாறு செல்ல வேண்டும் என்பதை ஓட்டுபவரும் குடும்பத்தாரும் மருத்துவரும் சேர்ந்து முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்பதே இப்போது எங்கள் கருத்து.

முதலில் வண்டியின் இயல்பை அறிய வேண்டும். சக்கரங்கள் கூடிவிட்டால் வண்டி விழாது என்று பலர் எண்ணுகின்றனர். நிற்கும்போது அது உண்மை. ஓடும்போது முழு உண்மையன்று. இருசக்கர வண்டி திருப்பத்தில் உட்பக்கம் சாய்ந்து தன்னைச் சமன்செய்துகொள்ளும். இணைப்புச் சக்கரங்கள் அச்சாய்வைத் தடுத்துவிடுகின்றன. அதனால் வேகமாகத் திரும்பினால் ஓட்டுபவரின் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும்; உட்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழவும் கூடும். இடுப்புத் தசையும் முதுகுத் தசையும் வலுவிழந்தவர் அத்தள்ளலைத் தாங்கி நிமிர்ந்திருத்தல் கடினம். திருப்பத்திற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திரும்பும்போது பிரேக்கை அழுத்தினால் ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கும்.

குழியும் அவ்வாறே. சாதாரண ஸ்கூட்டர் குழியைத் தவிர்க்க ஒரு தடம் போதும். இந்த வண்டிக்கு மூன்று தடங்கள் வேண்டும். நடுச் சக்கரத்தைக் காப்பாற்றினால் பக்கச் சக்கரம் விழும். பக்கச் சக்கரங்கள் மேட்டிலும் நடுச் சக்கரம் பள்ளத்திலும் நின்றால், வண்டியைச் செலுத்தும் அந்நடுச் சக்கரம் பிடிப்பிழந்து வெறுமனே சுழலும். தேங்கிய நீர் குழியின் ஆழத்தை மறைத்துவிடுவதால், வழக்கமாகச் செல்லும் சாலையின் பள்ளங்களை வெயில் நாளிலேயே பார்த்து நினைவில் கொள்ள வேண்டும். தார்ச்சாலையின் ஓரத்து மண் மழையில் இளகிவிடும். பேருந்துக்கு வழிவிட ஒதுங்கும்போது பக்கச் சக்கரம் அதில் இறங்கினால் வண்டி அப்பக்கமே இழுக்கும். அவசரமாக ஒதுங்குவதைவிட, வேகத்தைக் குறைத்துத் தார்ப்பரப்பிலேயே நேராகச் செல்வது நன்று.

பெருமழையைவிட முதல் தூறல் வழுக்குவதில் கொடியது. மாதக்கணக்கில் காய்ந்த சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சிறிதளவு நீரோடு கலந்து வழவழப்பான படலமாகின்றன. தூறல் தொடங்கும்போது ஒரு தேநீர்க் கடையோரம் நின்றுவிட்டு, சாலை கழுவப்பட்டபின் புறப்படுவது கோழைத்தனமன்று. நீரைக் கடந்து வந்தபின் பிரேக் உடனே பிடிக்காது. மெதுவாகச் சென்றபடி இரண்டு மூன்று முறை இலேசாக அழுத்தி அதனை உலர்த்திக்கொள்ள வேண்டும். கடற்கரையை அடுத்து வாழ்வோர்க்கு இன்னொரு கவனமும் தேவை. உப்புக் காற்று, இணைப்புச் சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் அதன் போல்ட், நட்டுகளையும் அரித்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் சட்டம், டயர், பிரேக், விளக்கு நான்கையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். கார்த்திகையில் மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது; வண்டியின் பின்புறம் முழு அகலமும் தெரியுமாறு இரு பக்கச் சக்கரங்களின் மேலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுவது சிறு செலவில் பெரும் காப்பு.

பேட்டரி சக்கர நாற்காலி வைத்திருப்போர் தேங்கிய நீரில் அதனைச் செலுத்தவே கூடாது. கைப்பிடிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நீர் புகுந்தால் நாற்காலி நடுவழியில் நின்றுவிடலாம். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை எப்போதும் கட்டி வையுங்கள். மின்வெட்டு மிகுந்த காலம் என்பதால் வானம் தெளிந்திருக்கும்போதே மின்னேற்றிக்கொள்வது நல்லது. ஈரக்கையோடு சார்ஜரைத் தொடலாகாது.

அடுத்து உடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கவலை இங்கேதான் மிகுதி. உணர்ச்சியற்ற கால் தன் துன்பத்தைச் சொல்லாது. சூடான சைலன்சரில் பட்டாலும், காலணிக்குள் நீர் புகுந்து தோல் ஊறினாலும் அதற்குத் தெரியாது. நீரிழிவால் கால் மரத்தவர்களும் முதுகுத்தண்டு பாதித்தவர்களும் வீடு திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் துடைத்து உலர்த்தி, ஒரு கண்ணாடியைக் கொண்டேனும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். நனைந்த இருக்கை மெத்தையில் அமர்ந்திருப்பது அழுத்தப் புண்ணை விரைவுபடுத்தும். மாற்று உடை ஒன்றும் மெத்தைக்கு நீர்புகா உறை ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். காலில் புண்ணோடு வெள்ள நீரில் இறங்க நேர்ந்து, பின்னர் காய்ச்சலோ கடும் உடல்வலியோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். எலிக்காய்ச்சல் அவ்வழியே பரவக்கூடியது.

மழைக்காலத்தில் சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பல உறக்கத்தை வரவழைப்பவை. தசை இறுக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் நாங்கள் தரும் சில மருந்துகளும் அத்தன்மையனவே. இரண்டும் சேர்ந்தால் கண் தானாகச் சொருகும். அத்தகைய மாத்திரை உண்ட நாளில் வண்டியைத் தொடாதீர்கள். இன்சுலின் போட்டுக்கொள்வோர், மழையால் வழியில் தாமதமாகலாம் என்பதை எண்ணிச் சிறிது சர்க்கரையையோ இனிப்பையோ பையில் வைத்திருக்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு ஓட்டலாகாது. நீண்டு தொங்கும் மழை அங்கியும் சக்கரத்தில் சிக்கும். மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்த மழையுடையே ஏற்றது.

விழுதல் என்பது சாலையில் மட்டும் நிகழ்வதன்று. வண்டியிலிருந்து இறங்கி ஊன்றுகோலை நனைந்த தரையில் ஊன்றும் நொடியிலும் அது நேர்கிறது. கோலின் அடியிலுள்ள ரப்பரைத் துடைத்துவிட்டு ஊன்றுங்கள்; அதன் வளையக் கோடுகள் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இத்தனை கவனத்தோடும் செல்லக் கூடாத நாள்கள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. ரயிலே செல்ல இயலாத வழியில் ஸ்கூட்டர் என்ன செய்யும்? ஓடும் நீர் அரையடி ஆழமே ஆயினும், நடக்கும் மனிதனையே வீழ்த்தவல்லது. வாய்க்கால் பாலத்தின்மேல் நீர் ஓடினால், எதிரில் மற்றவர்கள் கடந்து வந்தாலும் நீங்கள் திரும்பிவிடுங்கள். வண்டி கவிழ்ந்தால் அவர்கள் குதித்து எழுவார்கள், உங்களால் இயலாது. வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் பயணம் வேண்டாம். ஆற்றங்கரையிலும் குளத்தடியிலும் வாழ்வோர் அவ்வெச்சரிக்கை வந்தவுடனேயே மேட்டுப்பாங்கான உறவினர் வீட்டுக்கோ முகாமுக்கோ சென்றுவிட வேண்டும். நடக்க இயலாதவர் பிறரைவிட முன்னதாகப் புறப்பட வேண்டும். வாசலுக்கு நீர் வந்தபின் வண்டி உதவாது. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077; ஆம்புலன்சுக்கு 108. இரு வாரத்துக்கான மருந்தை ஐப்பசி பிறக்குமுன் நீர்புகாப் பையில் எடுத்து வையுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அச்சத்தால் சாவியை ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்தால் அவர் சொல்லாமல் புறப்படுவார், அதுவே பேராபத்து. மாறாக, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புதல், தாமதமானால் யாருக்குத் தொலைபேசி என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். முன்னேற்பாடு அனைவருடையதாக இருக்கட்டும்.

கடமை நோயாளரோடு முடிவதன்று, மருத்துவமனைகளுக்கும் உண்டு. மழை நாளில் வர இயலாதவரின் முறைநாளைத் தொலைபேசியிலேயே மாற்றித் தர வேண்டும். வராதவர் என்று ஏட்டில் குறித்துவிடுவது முறையன்று. சாய்தளத்துக்குக் கூரையும் கைப்பிடியும் வாயிலில் நீர் உறிஞ்சும் விரிப்பும் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகின்றன. வெளியே செல்லக் கூடாத நாள்களுக்கு அது துணையாகும். இவற்றைக் கேட்டுப் பெறுவது சலுகை வேண்டுவதன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடையற்ற அணுகலை உரிமையாகவே கூறுகிறது.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது உங்கள் வண்டியிலேயே வாருங்கள். நீங்கள் அதில் ஏறுவதையும் அமர்வதையும் இறங்குவதையும் மழைக்கு முன் ஒருமுறை நாங்கள் பார்க்க விரும்புகிறோம். "எடுக்காதீர்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, உங்களுக்கு எது இயலும் என்பதை அதன்பின் சேர்ந்து எழுதித் தருவோம்.