பாஸ் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங் கத்துக்கப் போறீங்களா? ராடுக்கு முன்னாடி கண்ணாடி வாங்குங்க

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் சிலர் கேட்கிறாங்க: "டாக்டர், பாஸ் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்ன ராடு வாங்கலாம்?"

ராடு பத்தியும் சொல்றேன். ஆனா அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்கிற முறையில், முதல்ல வாங்க வேண்டியது ராடு இல்லை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கொக்கி முள்ளை நசுக்க ஒரு குறடு. இந்த ரெண்டும் இல்லாம புதுசா கத்துக்கிற யாரும் தண்ணிப் பக்கம் போகக் கூடாதுங்கிறது என் கட்சி. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்னா ஆபீஸ் பாஸ் இல்லை. வட அமெரிக்காவோட ஏரி, குளம், ஆறுகளில் இருக்கும் நன்னீர் மீன். நம்ம ஊர் விரால் மாதிரி செடி மறைவில் பதுங்கி இருந்து, தவளை, குஞ்சு மீன், பூச்சின்னு எது வந்தாலும் பாயும். 1881-லேயே இந்த மீனுக்காக ஒரு முழுப் புத்தகம் போட்டவர் ஜேம்ஸ் ஹென்ஷால். அவரும் டாக்டர்தான். நோயாளிகளை எப்போ பார்த்தாரோ!

சரி, கண்ணாடி எதுக்கு?

நம்ம ஊர்ல தூண்டில் போடும்போது ஈயக் குண்டும் இரையும்தான் எடை. அதை வீசினா நரம்பு பின்னாடியே போகும். ஃப்ளை ஃபிஷிங்ல இது தலைகீழ். ஃப்ளைங்கிறது கொக்கியில் இறகும் நூலும் கட்டின பொய்ப்பூச்சி, அதுக்குப் பெரிய எடை கிடையாது. தடிமனான நரம்புதான் எடை. அதை முதல்ல முதுகுக்குப் பின்னால் வீசி, காற்றில் நேராக நீளும் வரைக்கும் காத்திருந்து, அப்புறம் முன்னால் வீசணும். அதாவது ஒவ்வொரு வீச்சிலும் கொக்கி உங்க தலையை ரெண்டு தடவை கடக்குது. போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு.

புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் தடுமாறும் இடம் அந்தக் காத்திருப்புதான். பின்னால் நரம்பு நீளும் முன்னாடியே அவசரப்பட்டு முன்னால் இழுப்பாங்க. நரம்பு தொய்ஞ்சு, காது உயரத்தில் வரும்.

ட்ரவுட் மீனுக்குப் போடும் ஃப்ளை பெரும்பாலும் கொசு சைஸ். 14, 16-ம் நம்பர் கொக்கி. பாஸுக்குப் போடுவது 2 அல்லது 4-ம் நம்பர். இதில் நம்பர் குறையக் குறைய கொக்கி பெருசு. 'பாப்பர்'னு தக்கையில் செஞ்ச தவளை மாதிரி ஒண்ணு இருக்கு, காற்றை வாங்கிக்கிட்டு சொன்ன பேச்சு கேட்காது. 'க்ளவுசர் மின்னோ'ன்னு இன்னொண்ணு, அதன் தலையில் உலோகக் குண்டுக் கண்கள். பின்மண்டையில் பட்டாலே வீங்கும். கண்ணில் பட்டா?

காற்று எந்தப் பக்கம் வீசுதுன்னு பாருங்க. வலது கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்து காற்று அடிச்சா, ஃப்ளையை நேரா முகத்துக்கே தள்ளிவிடும். அன்னைக்கு எதிர்க் கரைக்குப் போங்க, இல்லைன்னா வீட்டுக்குப் போங்க.

இன்னொரு ஆபத்து இன்னும் மோசம். ஃப்ளை அல்லி இலையிலோ கிளையிலோ மாட்டிக்கும். பாஸ் இருக்கிறதே அந்த மாதிரி இடத்தில்தான், அதனால கட்டாயம் மாட்டும். உடனே ராடை வளைச்சு 'விட்டேனா பார்'னு இழுப்பாங்க. சட்டுனு விடுபட்ட கொக்கி, இழுத்தவர் முகத்துக்கே கவண்கல் மாதிரி வரும். அப்போ ராடை மாட்டின இடத்தை நோக்கி நேரா நீட்டுங்க, முகத்தைத் திருப்பிக்கங்க, நரம்பைக் கையால் இழுங்க. பக்கத்தில் குழந்தை நின்னா முதல்ல தள்ளி நிக்கச் சொல்லுங்க.

கண்ணாடின்னா பாலிகார்பனேட் லென்ஸ், பக்கவாட்டையும் மறைக்கிற மாதிரி. போலரைஸ்டு வாங்கினா தண்ணியோட பளபளப்பு குறைஞ்சு உள்ளே மீன் தெரியும், அது உபரி லாபம். சாயங்காலம் இருட்டினதும் கூலிங் கிளாஸைக் கழட்டிடுவாங்க. பாஸ் மேலே வந்து கடிக்கிற நேரமும் அதுதான்! நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி ஒண்ணும் பையில் இருக்கட்டும்.

இப்போ குறடு. கொக்கி நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, பின்பக்கம் பார்த்து நிற்கும் ஒரு குட்டி முள் இருக்கும். குத்தினது வெளியே வராம பிடிச்சுக்கிறது அதுதான். குறடால் ஒரு அழுத்து, படுத்துடும். "அப்போ மீன் நழுவிடுமே டாக்டர்?" நரம்பைத் தொய்ய விடாம வச்சிருந்தா பெரும்பாலும் நழுவாது. ட்ரவுட்காரங்க மாதிரி ராடைத் தூக்காம, இடது கையால் நரம்பை வெடுக்குனு இழுத்துக் கொக்கியை மாட்டுங்க. தொய்வே இருக்காது. ஒரு மீன் நழுவினாலும் போகட்டும்ங்க, விரல் உங்களோடது.

முள் நசுக்கின கொக்கி விரலில் ஏறினா, ஏறின வழியிலேயே வந்துடும். சோப்புத் தண்ணியில் நல்லா கழுவுங்க. முள்ளோட ஏறினா இழுத்துப் பார்க்காதீங்க, சதையைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வரும். கிளினிக்குக்கு வாங்க, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம். குளத்துத் தண்ணி பட்ட காயம் சிவந்து வீங்கினா, காய்ச்சல் வந்தா, நாள் கடத்தாதீங்க. இந்த மாதிரி அழுக்கான காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா மறுபடி போடணும்.

கண்ணில் ஏறினா கதை வேற. இழுக்கக் கூடாது, கழுவக் கூடாது, அழுத்திக் கட்டவே கூடாது. நரம்பை வெட்டி விடுங்க. பேப்பர் கப்பைக் கண்ணுக்கு மேலே, கொக்கியில் படாம கவிழ்த்து ஒட்டுங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால எதுவும் சாப்பிடக் குடிக்கக் கொடுக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கடைசியா நீங்க கேட்ட ராடு. 9 அடி, 8-வெயிட். விலை அதிகமானது முதல் வருஷம் தேவையில்லை. முதல் ரெண்டு வாரம் புல்தரையில் பழகுங்க, கொக்கிக்குப் பதில் நரம்பு நுனியில் ஒரு துண்டு கம்பளி நூல். அப்புறம் பக்கத்துக் குளம். அங்கே ப்ளூகில்னு சின்ன மீன் இருக்கும், சின்ன ஃப்ளைக்கு அது நல்லா கடிக்கும், கை பழகும். இடி சத்தம் கேட்டா ராடைக் கீழே போட்டுட்டு காருக்குள் போயிடுங்க. கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும், நீங்க கையில் பிடிச்சிருக்கிறது 9 அடிக் கம்பி.

பிடிச்ச பாஸை சாப்பிடலாமான்னு அடுத்த கேள்வி வரும். அது மத்த மீனைத் தின்னும் மீன், பாதரசம் சேரும். எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம்னு உங்க மாநில அரசு வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, முக்கியமா கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இருக்கிற வீட்டில். லைசென்ஸ் எடுக்கும்போதே அதையும் பார்த்துடலாம்.