கதவுக்குப் பவுசு... கியாஸ் டியூப்புக்குக் கஞ்சத்தனம்!

திண்டுக்கல்லில் பழைய வீட்டுக்காரர்களையும் "மாடுலர் கிச்சன்" மோகம் பிடித்து ஆட்டுகிறது. ரத வீதி, நாகல்நகர், பேகம்பூர் பக்கம் தாத்தா காலத்து வீடு. உள்ளே போனால் அடுப்படியில் மட்டும் பளபளவென்று கலர் கதவு!

ஆசைப்படுவதில் தப்பில்லை. கரி படிந்த சுவர், குனிந்து பாத்திரம் கழுவும் அங்கணம், கைக்கு எட்டாத பரண். இவற்றோடு தினமும் மல்லுக்கட்டும் பெண்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். 2007 முதல் அரசு இலவச கியாஸ் அடுப்பு கொடுத்தது. 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. சாமான் எல்லாம் வந்துவிட்டது. அவற்றை வைக்கிற அடுப்படி மட்டும் விறகு அடுப்புக் காலத்திலேயே நிற்கிறது.

கையில் இருப்பதோ கொஞ்சப் பணம். அதை முதலில் எதில் போடுவது? பலரும் கதவில் போடுகிறார்கள். அங்கேதான் கோளாறு!

அலமாரிக்குள் சிலிண்டரா?

பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்! சிலிண்டரை மேடைக்குக் கீழே தள்ளி, கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். மூடிய பெட்டிக்குள் அது சேர்ந்து கிடக்கும்போது பக்கத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். உள்ளே இருப்பது 14.2 கிலோ சிலிண்டர்! காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று எண்ணெய் கம்பெனிகள் சொல்வது வெட்டிப் பேச்சு இல்லை. கதவு போட்டே தீருவேன் என்றால், தரையை ஒட்டித் திறப்பு விட்டாக வேண்டும். ரப்பர் டியூப்பை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பலகைக்குப் பின்னால் மறைந்துபோன டியூப்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்தது சுவர். பழைய சுவர்கள் பல சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டியவை. துளை போட்டு ஸ்க்ரூ முறுக்கினால் பிடிக்காது, பொலபொலவென்று உதிரும். அதில் பெட்டியைத் தொங்கவிட்டு எவர்சில்வர் பாத்திரத்தை அடுக்கினால், கீழே நின்று சமைப்பவர் தலைக்கு யார் பொறுப்பு? நிலை உளுத்துப்போனால் பூட்டு என்ன செய்யும் என்பது பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா?

ஒயரிங் கதை இன்னும் மோசம். ஒரு குண்டு பல்புக்காக அந்தக் காலத்தில் இழுத்த லைன். அதிலேயே மிக்சி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு! இண்டக்ஷன் ஒன்றே 2,000 வாட் வரை இழுக்கும். மெயினில் இருந்து தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த். இதைச் செய்யாமல் கதவுக்குக் கலர் தேடுவது என்ன கணக்கு?

சிக்கனத்துக்கு வழி

இருக்கிற கடப்பாக்கல்லை உடைக்க வேண்டாம். செங்கல் கால் எழுப்பி அதே கல்லை மேடையாகப் போடலாம், அடியில் தட்டும் கடப்பாவிலேயே வைக்கலாம். கரையானும் அரிக்காது, தண்ணீர் பட்டாலும் ஊறாது. மலிவு என்று மரத்தூள் பலகை வாங்கினால், சிங்க் அடியில் ஈரம் பட்டதும் அப்பளமாக உப்பிவிடும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையைப் பார்த்து, பில்லிலும் எழுதி வாங்க வேண்டும். "வாட்டர்புரூப் சார்" என்று வாயால் சொல்வது செல்லாது.

ஒயர், டியூப், ஜன்னல், சாக்கடைக் குழாய் முடிந்து பணம் மிஞ்சினால் கதவு. மிஞ்சாவிட்டால் இப்போதைக்கு ஒரு திரைச்சீலை. கதவை அடுத்த தீபாவளி போனஸில் பார்த்துக்கொள்ளலாம்.